மண்ணில் கிடக்கும் மன்னன்

கலை என்றவுடன் நம்மிற் பலருக்குக் கல்லும் செம்பும் நினைவுக்கு வருகின்றன. மண்ணும் உடைந்த ஓடும் வருவதில்லை. நிலைத்து நிற்பதே கலை என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது. அது பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

எம்மூராகிய கே.ஜி.கண்டிகை திருத்தணிக்கு அணித்தேயுள்ளது. இவ்வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களிற் பாரத விழா நிகழும். பகலிற் பாரதக் கதை சொல்லப்படும். இரவில் தெருக்கூத்து நடைபெறும். இறுதியில் வரும் படுகளத்திற்காக, திறந்த வெளியில் மண்ணைக் குவித்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனன் உருவத்தைச் சமைப்பர். ஆள் ஏறி நடக்குமளவு பெரிதாகிய அவ்வுருவத்திற்கு முகமும் மீசையும் வண்ணத்தால் தீட்டப்பெறும். வீமன் வேடம் பூண்டவர் அதன் தொடையிற் கதையால் அடிப்பார். பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. பின்னர்ப் பெய்யும் மழையில் அம்மன்னன் மண்ணோடு மண்ணாவான்.

“ஆண்டுதோறும் இவ்வுழைப்பு எதற்கு? சிமெண்டினால் ஒருமுறை செய்துவைத்தால் ஆகாதா?” என்று நண்பர் ஒருவர் வினவினார். ஆகாது என்பதே என் துணிபு. சிமெண்டு உருவம் நிலைக்கும். செய்த கை தொழிலை மறக்கும். ஆண்டுதோறும் அழிவதனாலன்றோ ஆண்டுதோறும் ஓர் இளைஞன் மூத்தவர் அருகே நின்று மண் பிசையக் கற்கின்றான்?

அழியும் பொருளிலும் கலை உண்டென்பதைப் பிறர் உணர்ந்துள்ளனர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில், ராபர்ட் சுமித்சன் என்பார் 1970-இல் கருங்கல்லும் மண்ணும் கொட்டுவித்து 1500 அடி நீளமுள்ள சுருள் ஒன்றை அமைத்தார். ஏரிநீர் உயர்ந்து பல்லாண்டுகள் அதனை மூடிற்று. அதன் புகழை மூடவில்லை. நம் நாட்டுச் சண்டிகரில் நேக் சந்த் என்னும் சாலை ஆய்வாளர், உடைந்த வளையலும் பீங்கானும் பொறுக்கிச் சேர்த்து, 1957 முதல் காட்டினுள் மறைவாகப் பதுமைகள் சமைத்தார். 1976-இல் அவ்விடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. 1984-இல் அவர் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இவர்கள் பெயர் உலகறிந்தது. நம் மண் மன்னனைச் சமைத்தவர் பெயரோ அவ்வூரார்க்கன்றிப் பிறர்க்குத் தெரியாது. அவரும் கலைஞரேயாவர். உருவம் அழிவது முறை. பெயர் அழிவது முறையன்று. ஆதலின் தமிழ் பயிலும் நாம் ஏட்டிலுள்ளதை மட்டும் ஆராய்ந்து அமையாது, அடுத்த விழாவிற்குக் குறிப்பேட்டுடன் செல்வோமாக. மண் எடுக்கும் இடம், பிசையும் பக்குவம், வண்ணம் தீட்டும் வரிசை ஆகியவற்றை எழுதிக்கொள்வோம். அனைத்திற்கும் முதலாகச் செய்தவர் பெயரை எழுதுவோம்.