தேரைத் தோலும் ஒரு கரண்டி எண்ணெயும்

பள்ளிச் சிறாரின் முழங்காலிலும் தொடையின் வெளிப்புறத்திலும் தோல் வறண்டு, அரத்தைத் தடவினாற்போல் சொரசொரப்பாக இருப்பதைக் காணும் பெரியோர் பலர், அதனை அழுக்கு என்றே கொள்கின்றனர். தேய்த்துக் குளிக்காத பிள்ளை என்று கடிந்துரைப்பதும், பீர்க்கங்கூட்டினாலும் செங்கல் துண்டினாலும் அழுந்தத் தேய்க்குமாறு கூறுவதும் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும். தேய்ப்பதால் தோல் புண்ணாகுமேயன்றி முளைகள் மறைவதில்லை. உணவுக் குறையால் நேர்ந்த ஒன்றுக்காக, அக்குறைக்குச் சற்றும் பொறுப்பல்லாத குழந்தை வகுப்பின் முன் நாணி நிற்பது நியாயமுமன்று.

இந்நிலைக்கு ஃபிரைனோடெர்மா, அதாவது தேரைத் தோல், என்னும் பெயரை 1933ஆம் ஆண்டில் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' என்னும் ஏட்டின் வாயிலாக வழங்கியவர் லூசியஸ் நிக்கல்ஸ். மயிர்க்கால்களின் வாயில் கெராட்டின் என்னும் கடினப் பொருள் மிகுந்து அடைத்துக்கொள்வதால், கூம்பு வடிவான சிறு முளைகள் எழுகின்றன. முழங்கை, முழங்கால், தொடை, பிட்டம் ஆகிய உராய்வு மிகுந்த இடங்களில் இவை முதலில் தோன்றும். 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடமே இது பெரிதும் காணப்படுகிறது.

தொடக்கத்தில் இது வைட்டமின் ஏ குறைவால் மட்டுமே வருவதெனக் கருதப்பட்டது. 1947ஆம் ஆண்டில் சி. கோபாலன் இதன் காரணத்தை மறுபடியும் ஆராய்ந்து எழுதினார். பின்னர் 1967இல் பட், பெலவாடி ஆகியோர் இந்நோயுற்றோரிடம் நடத்திய உயிர்வேதியியல் ஆய்வுகளை வெளியிட்டனர். இத்தகைய ஆய்வுகளால், உடல் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களின்பால் கவனம் திரும்பிற்று. அவற்றுள் தலையாயது லினோலெயிக் அமிலம். தோலின் ஈரம் வெளியேறாமல் தடுக்கும் மெல்லிய அரண் இதனைக் கொண்டே அமைகிறது. இவ்வமிலத்துடன் பி தொகுதி வைட்டமின்கள், வைட்டமின் ஏ, வைட்டமின் இ ஆகியவற்றின் குறைவும் சேர்ந்தே தேரைத் தோலை விளைவிக்கக் கூடும் என்பது இன்றைய கருத்து. ஆதலின், ஒரு வைட்டமின் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென எண்ணுவது பொருந்தாது. கணக்கின்றி மீண்டும் மீண்டும் கொடுக்கப்படும் வைட்டமின் ஏ தீங்கு விளைவிக்கும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

எனவே, ஆசிரியரும் களப்பணியாளரும் முதலில் கவனிக்க வேண்டியது பிள்ளையின் உணவுத் தட்டையே. 2021இல் பி.எம். போஷண் எனப் பெயர் பெற்ற பள்ளி மதிய உணவுத் திட்டத்தில், தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு நாள்தோறும் 5 கிராம் எண்ணெயும், நடுநிலை வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு 7.5 கிராம் எண்ணெயும் விதிக்கப்பட்டுள்ளன. ஐந்து கிராம் என்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அரிசி குறைந்தால் பிள்ளைகள் கேட்பர். எண்ணெய் குறைந்தால் கேட்பார் இலர். விலை ஏறும் காலத்தில் ஓசையின்றிக் குறைக்கப்படக் கூடிய பொருள் அதுவேயாதலால், அதனை அளந்து ஊற்றுவதைக் கண்காணிப்பது எளிய சமையற் கணக்கன்று. அது ஒரு நலப் பணி.

எந்த எண்ணெய் என்பதும் கருதத் தக்கது. குசும்பப்பூ எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் லினோலெயிக் அமிலம் மிகுதி. சோயா எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் கணிசமாக உண்டு. கடலை எண்ணெயில் ஓரளவு உண்டு. பாமாயிலில் அது குறைவு. தேங்காய் எண்ணெயிலோ நூற்றுக்கு 2 பங்கு அளவே. கீரை, பருப்பு, வேர்க்கடலை, எள், பால், முட்டை ஆகியவை கிடைக்குமளவு சேர்க்கப்படுமாயின், ஏனைய குறைகளும் நீங்கும்.

ஆயினும் சொரசொரப்பு யாவும் ஊட்டக் குறைவின் அறிகுறியல்ல. நன்றாக உண்டு வளரும் பிள்ளையின் மேற்கையிலும் தொடையிலும் காணும் சிறு முளைகள், குடும்பத்தில் தொடர்ந்து வரும் கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்னும் தீங்கற்ற இயல்பாக இருக்கலாம். வயது ஏற ஏற அது பலருக்குத் தணிந்துவிடும். இரவில் மிகும் அரிப்பு, விரலிடுக்கில் கொப்புளம், வீட்டாருக்கும் அதே தொல்லை என்பன சிரங்கைக் காட்டுவன. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தொழுநோயின் குறியாகலாம். மாலைக்கண்ணோ விழியின் வெண்பகுதியில் நுரை போன்ற புள்ளியோ தென்பட்டால் ஒரு நாளும் தாமதியாது மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். 2013இல் தொடங்கப்பெற்ற ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் குழுவினர் பள்ளிக்கு வரும்போது, இத்தகைய பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஆயத்தமாக இருப்பது பெரும் பயன் தரும்.

தோலின் பராமரிப்பும் எளிதே. வெதுவெதுப்பான நீரில் அளவான சோப்புடன் குளித்தல், தோல் ஈரமாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுதல், குளிர்காலத்தில் இதனை விடாது செய்தல் ஆகியன போதும். முளைகள் கடினமாயின், யூரியா கலந்த களிம்பை மருத்துவர் கூறியவாறு பயன்படுத்தலாம். உணவு திருந்தியபின் தேரைத் தோல் மாறச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகும். அதுவரை பொறுமை தேவை.

மேற்பூச்சு வறட்சியைத் தணிக்கும். குறையை நிரப்புவது உணவே. கடிந்துரைப்பதற்கு முன், அப்பிள்ளை நேற்று என்ன உண்டது என்று ஆசிரியர் ஒருவர் கேட்பாராயின், மருத்துவப் பணியின் முதற்படி அவ்வகுப்பறையிலேயே நிறைவேறியதாகும்.