வாளிக் குளியலுக்கு ஒரு நுரை உருண்டை

பாத் பாம் என்ற பெயரில் விற்கப்படும் குளியல் நுரை உருண்டை, சமையல் சோடாவையும் சிட்ரிக் அமிலத்தையும் உலர்ந்த நிலையில் கலந்து அழுத்திப் பிடித்த ஒரு கட்டியே ஆகும். நீரில் விழுந்ததும் இவ்விரண்டும் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடுவதால் அது சீறி நுரைத்துக் கரைகிறது. பின்னாளில் லஷ் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் 1989இல் இதனை உருவாக்கினார். நீரில் போட்டால் பொங்கும் அல்கா-செல்ட்சர் மாத்திரையே அவருக்கு முன்மாதிரி. விழுப்புரம், திண்டிவனம் பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்கும் ஈனோ பொட்டலத்துக்குள் இருப்பதும் இதே இணைதான். சர்ஜிக்ஷாரம், நிம்புகாம்லம் என்று உறையில் ஆயுர்வேதப் பெயர் தாங்கி நிற்பவை முறையே சோடாவும் சிட்ரிக் அமிலமுமே.

எனவே பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆப்ப சோடா மளிகைக் கடையிலும், எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பதால், வளைகாப்புக்கும் நவராத்திரித் தாம்பூலத்துக்கும் கையால் செய்த ஒன்றைக் கொடுக்க விரும்புவோருக்கு இது மலிவான, அழகான அன்பளிப்பாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும், பரவலாக வழங்கும் செய்முறைகள், உடல் முழுவதும் அமிழும் தொட்டியையும் ஈரப்பதம் குறைந்த காற்றையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. வாளியும் குவளையுமாகக் குளிக்கும், ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கு அவற்றை அப்படியே கொண்டுவந்தால் பாதி பொருள் வீணாகும்.

முதலாவது, அளவு. கோப்பைக் கணக்கில் சொல்லப்படும் வழக்கமான செய்முறை, எடையில் பார்த்தால் சோடா இரண்டு பங்கு, அமிலம் ஒரு பங்கு என்று அமைகிறது. ஆனால் 100 கிராம் நீரற்ற சிட்ரிக் அமிலம் முழுமையாக வினைபுரியத் தேவைப்படும் சோடா 131 கிராம் மட்டுமே என்பதால், 200 கிராம் போடும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு வாயுவாக மாறாமல் நீரிலேயே தங்கி, அதன் காரத்தன்மையைக் கூட்டுகிறது. 100 கிராம் அமிலத்துக்கு 140 கிராம் சோடா போதும். அந்தச் சிறு மிகுதி, அமிலம் மீந்து தோலை உறுத்தாமல் காக்கும். இத்துடன் 40 கிராம் மாவு சேர்த்து 30 கிராம் எடையில் உருட்டினால், ஓர் உருண்டை ஏறத்தாழ 4 லிட்டர் கரியமில வாயுவைத் தரும். அதில் ஒரு பகுதி நீரிலேயே கரைந்துவிடும் என்றாலும், 15 லிட்டர் வாளிக்கு இது தாராளம். தொட்டிக்காகச் செய்யப்படும் கைப்பிடி அளவு உருண்டையை வாளியில் போடுவது வெறும் பகட்டு.

சேர்க்கும் மாவைப் பொறுத்தவரை, மேலைநாட்டுச் செய்முறைகள் சோள மாவைச் சொல்கின்றன. கட்டி உடையாமல் பிடிப்பதும் வினையின் வேகத்தைத் தணிப்பதுமே அதன் வேலை என்பதால், ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான மரவள்ளி ஸ்டார்ச்சும் அதே வேலையைச் செய்யும்.

உண்மையான இடர் காற்றில் இருக்கிறது. சோடாவும் அமிலமும் வினைபுரியும்போது வாயுவும் சிட்ரேட் உப்பும் மட்டுமல்லாமல் நீரும் உண்டாகிறது. ஒரு துளி ஈரத்தால் ஓரிடத்தில் தொடங்கிய வினை, தானே உண்டாக்கிய நீரைக் கொண்டு அடுத்த துகளையும் தூண்டுவதால், மாலையில் வழவழப்பாக வைத்த உருண்டை காலையில் உப்பி, பொரிந்து, விரிசல் விட்டுக் கிடக்கும். கடையில் வாங்கும் சிட்ரிக் அமிலம் நீரற்றதாக இல்லாமல் ஒற்றை நீரேறிய வகையாக இருந்தால், அதன் படிகத்துக்குள்ளேயே எடையில் 8.6 விழுக்காடு நீர் உண்டு என்பதும் கவனிக்கத்தக்கது. தீபாவளிக்குக் கொடுக்க நினைப்போர் இதைச் செய்ய உட்காரும் ஐப்பசியோ வடகிழக்குப் பருவமழைக் காலம்; மரக்காணம் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் கோடையிலும் காற்று ஈரமாகவே இருக்கும். ஆகவே மாசியிலும் பங்குனியிலும், வெயில் ஏறிய நடுப்பகலில், ஈரத்துணி எதுவும் உலர்த்தப்படாத அறையில் செய்வதே உகந்தது. சித்திரைத் திருமணங்களுக்கு இது பொருந்தும், தீபாவளிக்குப் பொருந்தாது.

கலக்கும் முறையில் கைப்பழக்கமே முதன்மையானது. சோடாவையும் மாவையும் சல்லடையில் சலித்து, மிக்ஸியில் நைசாகப் பொடித்த அமிலத்துடன் உலர்ந்த பாத்திரத்தில் கலந்த பின், நறுமண எண்ணெய் சில துளிகளும் தெளிப்பானால் ஓரிரு பீச்சு நீரும் விட்டு உடனுக்குடன் விரலால் பிசிறிவிட வேண்டும். ஊற்றினால் பாத்திரத்திலேயே பொங்கிவிடும். பதம் எது என்று கேட்டால் புட்டு மாவின் பதமே: பிடித்தால் பிடிபட வேண்டும், அழுத்தினால் உதிர வேண்டும். மினி இட்லித் தட்டின் குழிகளில் அழுத்தி நிரப்பிக் கவிழ்த்தால் வாளிக்கு ஏற்ற சிறு அரைக்கோளங்கள் கிடைக்கும். எவர்சில்வர் தட்டாக இருப்பது நல்லது, அமிலம் அலுமினியத்தை அரிக்கும்.

நீரின் இயல்பு அடுத்த செய்தி. கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்து சோப்பு நுரைக்க மறுக்கும் நீரைக் கடினநீர் என்பர். ஆழ்துளைக் கிணற்றை நம்பிய ஊர்கள் பலவற்றில் குளியலறைக் குழாயில் வெள்ளை படிவதற்குக் காரணம் இதுவே. இங்கேதான் நுரை உருண்டைக்கு, விளையாட்டுக்கு அப்பாற்பட்ட பயன் ஒன்று உண்டு. வினையின் முடிவில் எஞ்சும் சோடியம் சிட்ரேட், கால்சியத்தைப் பற்றிப் பிடித்துச் சோப்புடன் சேரவிடாமல் தடுப்பதால், வாளி நீர் ஓரளவு மென்மையடைகிறது. ஆனால் பல செய்முறைகள் தவறாமல் சேர்க்கச் சொல்லும் எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட், அதாவது கடினநீரை உண்டாக்கும் உப்புகளுள் ஒன்று; ஏற்கெனவே கடினமான நீரில் அதைக் கொட்டுவது ஒரு கையால் செய்ததை மறு கையால் அழிப்பதாகும். காசு கொடுத்து வாங்கும் பொருள்களில் முதலில் நீக்க வேண்டியது அதுதான்.

அச்செய்முறைகள் உருண்டைக்குள் சேர்க்கச் சொல்லும் எண்ணெயைப் பற்றியும் மறுபரிசீலனை தேவை. எண்ணெய்க்கும் குளியலுக்கும் உள்ள உறவு இப்பகுதிக்குப் புதிதன்று. எனினும், தொட்டியில் அமிழ்ந்து கிடப்பவரின் உடலில் மெல்லப் படியும் எண்ணெய், வாளியில் மேலே மிதந்து, முதல் குவளையோடு மொத்தமாகத் தலையில் இறங்கிவிடுகிறது. மீதி தரையில் வழிந்து முதியோரை வழுக்கி விழச் செய்யும். நல்லெண்ணெயைக் குளிப்பதற்கு முன் தேய்த்துக்கொள்வதே முறை. உருண்டைக்குள் அது வேண்டியதில்லை. நலங்கு மாவின் நினைவில் மஞ்சள் சேர்ப்போரும் உண்டு. சோடாவின் காரத்தில் மஞ்சள் செந்நிறம் கொள்ளும் என்பதாலும், பிளாஸ்டிக் வாளியில் ஏறிய கறை எளிதில் போகாது என்பதாலும் அதையும் தவிர்ப்பது நலம். மணத்துக்கு வெட்டிவேர் எண்ணெயோ எலுமிச்சைப்புல் எண்ணெயோ நான்கைந்து துளி போதும். மிகுந்தால் தோல் எரியும்.

ஒரு நாள் முழுவதும் உலர்ந்த உருண்டைகளை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் தனித்தனியே இறுகச் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில், மாத்திரைப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் வைப்பது இன்றியமையாதது. வண்ணத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஒரு வாரத்தில் நுரைக்கும் ஆற்றலை இழந்திருக்கும். விற்பனைக்காகச் செய்ய விரும்பும் மகளிர் குழுவினர், அழகுப்பொருள் விதிகள் 2020இன்படி உற்பத்தி உரிமம் பெற வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அன்பளிப்பாகக் கொடுப்போரும் சேர்பொருள்களையும் செய்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, கண்ணிலும் புண்ணிலும் படக்கூடாது, சிறுபிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் வைத்துவிடாமல் எட்டாத இடத்தில் வைக்கவும், ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தவும் என்ற குறிப்புடன் டப்பாவின் மேல் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.