வாட்ஸ்அப்பில் வந்த ‘பி.எம். கிசான்’ ஃபைலைத் திறக்கலாமா?

“எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ‘பி.எம். கிசான்’ என்று ஒரு ஃபைல் வந்திருக்கிறது. திறந்து ஆதார் எண்ணைப் பதிந்தால்தான் அடுத்த தவணை வருமாம். அனுப்பியவர் தெரிந்தவர்தான். திறக்கலாமா?”

- வாசகி, விளாங்குடி, மதுரை.

திறக்காதீர்கள். ஃபைல் பெயரின் கடைசியில் ‘ஏ.பி.கே’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது படிக்கிற கடிதம் அல்ல. போனுக்குள் குடியேறுகிற செயலி. எஸ்.எம்.எஸ் பார்க்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், நீங்கள் வாய் திறக்காமலேயே வங்கி ஓ.டி.பி மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். தெரிந்தவர்தானே என்ற நிம்மதியும் வேண்டாம். அவர் போன் ஏற்கெனவே சிக்கியிருந்தால், அவருக்கே தெரியாமல் அவர் பெயரில் ஊருக்கெல்லாம் போகும்.

இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இ-கே.ஒய்.சி கட்டாயம் என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் பயமுறுத்துகிறார்கள். அதைப் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்து முடித்துவிடலாம். களை பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லையா? முகத்தைக் காட்டிப் பதியும் வசதி 2023-லேயே பி.எம். கிசான் செயலியில் வந்துவிட்டது. செயலியை பிளே ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள்.

திறந்து தொலைத்துவிட்டால், உடனே போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். வீட்டில் திட்டுவார்களே என்று தள்ளிப்போட வேண்டாம். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழியுண்டு.

அனுப்பியவருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அல்ல, நேரில்.