பைலேட்டிஸ் பயிற்சி: யாருக்கு எவ்வளவு பயன்?

நகரங்களில் பைலேட்டிஸ் வகுப்புகள் பெருகிவருகின்றன. உடல் நெகிழும், தள்ளாட்டம் குறையும் என்னும் விளம்பரங்களைத் தாங்களும் கண்டிருக்கலாம். அதில் உண்மை உண்டு. ஆயினும் பயனின் அளவு, ஒருவரின் முந்தைய பயிற்சிப் பழக்கத்தைப் பொறுத்தே அமையும்.

ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பைலேட்டிஸ் வகுத்த இம்முறை, வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை மூச்சுடன் இணைத்து நிதானமாக இயக்குவது. உடற்பயிற்சியே செய்திராத பெண்களிடம் மாற்றம் விரைவில் புலப்படும். தொடக்க நிலை தாழ்ந்திருப்பதே காரணம். நடனமோ ஜிம்னாஸ்டிக்ஸோ பயின்றவர்களுக்கு நெகிழ்வு முன்பே மிகுதி. அவர்களுக்கு வேண்டுவது மேலும் வளைவதன்று. வளைந்த நிலையில் மூட்டைக் கட்டுப்படுத்தும் வலிமை. ஆகவே, உடன் பயில்பவரோடு தங்களை ஒப்பிட வேண்டா.

முதியோருக்குச் சமநிலையே முதன்மை. 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் 3 நாள்களேனும் சமநிலை, வலிமைப் பயிற்சிகள் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. பாயில் படுத்துச் செய்பவை மட்டும் இதற்குப் போதா. நின்று செய்பவையும் தேவை.

ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவு உள்ளவர்கள், முதுகை முன்புறம் சுருட்டி எழும் அசைவுகளைத் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. வகுப்பில் சேரும் நாளிலேயே இதனைப் பயிற்றுநரிடம் கூறிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டா.