அடிக்கிற கை எங்கே பழகியது?

"பொண்டாட்டியைப் போட்டு அடிக்கிறானே, குடிகாரப் பய!" என்று தெருவே திட்டும். சரி, அந்தக் கை அடிக்கப் பழகியது எப்போது? தாலி கட்டிய பிறகா? பலருக்கு அதற்கு ரொம்ப முந்தி! அரும்பு மீசை முளைக்கிற வயசிலேயே!

நியூசிலாந்தில் டுனேடின் என்று ஓர் ஊர். அங்கே 1972-73-ல் பிறந்த சுமார் 1,000 குழந்தைகளை ஆராய்ச்சிக்காரர்கள் வருஷக்கணக்காகக் கவனித்து வந்தார்கள். 21 வயதில் துணையை அடித்தவர்கள் யார் யார் என்று பார்த்தார்கள். 15 வயதிலேயே அடிதடி, அடங்காத்தனம் என்று திரிந்தவர்கள் அதில் முன்னால் நின்றார்கள்.

நம்ம கதை என்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது: தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, கல்யாணமான பெண்களில் 100-க்கு 38 பேர் புருஷனின் வன்முறைக்கு ஆளானவர்கள். அடேயப்பா! பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

அப்பா அம்மாவை அடித்த வீட்டில் வளர்ந்த பெண்கள்தான் புருஷனிடமும் அதிகம் அடிபடுகிறார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்த விஷயம். அடி பார்த்த கண்ணுக்கு, 'குடும்பம்னா இப்படித்தான்' என்று ஆகிவிடுகிறது!

அதற்காக, அடிதடி வீட்டுப் பையன் எல்லாம் அடிக்கிற புருஷன்தான் என்று முத்திரை குத்தாதீர்கள். பாதி வழியில் திருப்பலாம். அமெரிக்காவில் வட கரோலினாவில் 1994-ல் 8, 9-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்தே பாடம், ஒரு நாடகம், ஒரு போஸ்டர் போட்டி நடத்தினார்கள். நாலு வருஷம் கழித்தும் அந்தப் பிள்ளைகளிடம் கைநீட்டல் குறைவாகவே இருந்தது.

2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் நல்ல சட்டம். 181-க்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும். ஆனால், அதெல்லாம் பெரும்பாலும் அடி விழுந்த பிறகு. விழாமல் தடுக்க வேண்டியவர்கள் வீட்டில் நாமும், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும்தான்.

தங்கச்சியை அறைந்த பையனைப் பார்த்து, "ஆம்பளப் புள்ள, அப்படித்தான் இருப்பான்" என்று சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பை முதலில் நிறுத்துவோம். அப்பாமார்களே, அதற்கும் முன்னால் உங்கள் கையைக் கீழே இறக்குங்கள். கதவோரம் நின்று பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்!