துணையாள் சொல்வதைக் கேளுங்கள்!

"அசோகச் சக்கரவர்த்தி" என்று ஒரு விமானம் இருந்தது. ஏர் இந்தியா வாங்கிய முதல் ஜம்போ ஜெட் அதுதான்.

1971-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந்தேதி அது பம்பாய்க்கு (இப்போது மும்பை) வந்து சேர்ந்தது. இரண்டு மிக் போர் விமானங்கள் கூடவே பறந்து வந்து வரவேற்பு கொடுத்தன. ஜன்னல்களைச் சுற்றி அரண்மனை வளைவுகள் போலச் சித்திரம் தீட்டி இருந்தார்கள். "ஆகாயத்தில் ஓர் அரண்மனை" என்று விளம்பரம் செய்தார்கள். அடுத்து வந்த ஜம்போக்களில் ஒன்றுக்கு ராஜேந்திர சோழன் பெயர்!

அந்த அரண்மனை எத்தனை காலம் பறந்தது? ஏழு ஆண்டு கூட இல்லை.

101 விநாடி

1978 ஜனவரி 1. புத்தாண்டு நாள். இரவு 8 மணிக்கு மேல் பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. பயணிகள் 190 பேர். சிப்பந்திகள் 23 பேர்.

கிளம்பிய 101 விநாடியில் பாந்த்ரா அருகே கடலில் விழுந்தது. 213 பேரும் மாண்டனர்.

சதிவேலை எதுவும் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. பின் என்ன காரணம்?

விமானம் நேராகப் போகிறதா, சாய்ந்து போகிறதா என்று காட்ட ஒரு கருவி உண்டு. பகலில் அடிவானத்தைப் பார்த்தே விமானி அதை அறியலாம். இருட்டில், கடலுக்கு மேலே, அந்தக் கருவிதான் கண்.

கேப்டன் முன்னால் இருந்த கருவி பழுதாகிவிட்டது. வலது பக்கம் திரும்பிய விமானம் பிறகு நேராகிவிட்டது. கருவியோ, இன்னும் வலது பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. கேப்டன் அதை நம்பி இடது பக்கம் சாய்த்தார். மேலும் சாய்த்தார். விமானம் குடை சாய்ந்தது.

கூட இருந்த என்ஜினீயர் கோளாறைக் கண்டார். அந்தக் கருவியை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தார். ஆனால் அப்போது மீதி இருந்தவை சில விநாடிகளே!

எடுபடாத சொல்

நேரம் இருந்தும் சொல் எடுபடாமல் போவது உண்டு.

1977 மார்ச் 27-ந்தேதி, ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த டெனெரிப் தீவில், மூடுபனியில் இரண்டு ஜம்போக்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் பலி. டச்சு விமானம் ஓடத் தொடங்கியபோதே அதன் என்ஜினீயருக்குச் சந்தேகம். "எதிரே அமெரிக்க விமானம் விலகிவிட்டதா?" என்ற பொருளில் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அவர் மிக மூத்தவர். அதற்கு மேல் பேச்சு இல்லை.

இத்தகைய விபத்துகளுக்குப் பிறகே உலகம் விழித்தது. 1979-ல் நாசா நிறுவனம் ஒரு கூட்டம் கூட்டி ஆராய்ந்தது. விமானிகளுக்குப் புதுப் பயிற்சி பிறந்தது. சிறியவர் தயங்காமல் சொல்ல வேண்டும்; பெரியவர் கோபிக்காமல் கேட்க வேண்டும். அதுதான் பயிற்சி.

தறியைப் பாருங்கள்

காஞ்சிபுரத்துக்கு இது புதிதல்ல. கோர்வைப் பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளி ஒருவரால் ஆகாது. பக்கத்தில் துணையாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார்.

கரையில் இழை பிசகினால் அவர் உடனே சொல்ல வேண்டும். "உனக்கு என்ன தெரியும்?" என்று நெசவாளி அதட்டினால், அடுத்த தடவை அவர் வாய் திறப்பாரா? கெடுவது யாருடைய புடவை?

"ஆளாளுக்குப் பேசினால் வேலை நடக்குமா?" என்று சிலர் கேட்கலாம். முடிவு செய்பவர் தறியில் நெசவாளிதான், விமானத்தில் கேப்டன்தான். அதில் மாற்றம் இல்லை. ஆனால், தவறைக் கண்டவர் சொல்லத்தான் வேண்டும். சொன்னதை விசாரித்துவிட்டு முடிவு செய்வதால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடாது.

டாக்டரிடம் நர்ஸ் சொன்னாலும், டிரைவரிடம் கண்டக்டர் சொன்னாலும் நியாயம் இதுவே.

இந்தப் பழக்கம் வீட்டில் தொடங்க வேண்டும். "அப்பா, இது தப்பு" என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். அவன் சொல்வது தவறாக இருந்தால் ஒரு நிமிஷம்தான் நஷ்டம். சரியாக இருந்துவிட்டால்?