ஊர் தானே மீளாது

நீண்ட பதிவு. சில நண்பர்களுக்குக் கசக்கும். முழுவதும் வாசித்துவிட்டு மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் நடுவை நெருங்கும்போதெல்லாம் மும்பைத் தமிழரிடையே ஒரு வாக்கியம் புழங்கத் தொடங்கிவிடுகிறது: "கஜாவில் எல்லாம் போயிற்று, ஆனாலும் ஊர் மீண்டுவிட்டது." மாட்டுங்காவின் உணவகங்களில் இதைக் கேட்கலாம், செம்பூரில் கோயில் வாசலில் கேட்கலாம், நான் குடியிருக்கும் சான்பாடாவில் ரயில் நிலையத்துக்கு நடக்கும் வழியில்கூடக் கேட்டிருக்கிறேன். சொல்பவர் பெரும்பாலும் மே மாத விடுமுறையில் பத்து நாள் ஊரில் இருந்துவிட்டு வந்தவர். விளக்கு எரிகிறது, சாலை போட்டாகிவிட்டது, தேர் ஓடியது. இவையே அவருடைய சான்றுகள். இந்த வாக்கியம் பொய் என்பது என் வாதம். அதன் பொய் செய்தியில் மட்டும் இல்லை, இலக்கணத்திலேயே தொடங்குகிறது.

'மீள்' தன்வினை, 'மீட்டல்' அதன் பிறவினை. 'ஊர் மீண்டது' என்று சொல்லும்போது ஊரே எழுவாய் ஆகிவிடுகிறது. வேறு எவரும் வாக்கியத்துக்குள் வரத் தேவையில்லை. 'ஊரை மீட்டார்கள்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். உடனே இரண்டு கேள்விகள் எழும்: யார் மீட்டார்கள்? எதைக் கொடுத்து மீட்டார்கள்? நம் வீடுகளில் இவ்வினை அதிகம் புழங்கும் இடம் அடகுக் கடை. வைத்த நகை மீண்டது என்று எவரும் சொல்வதில்லை. வட்டியும் முதலும் கட்டி ஒருவர் மீட்டாக வேண்டும், இல்லையேல் நகை மூழ்கிப்போகும். ஊருக்கு மட்டும் ஏன் தன்வினை போதும் என்று நினைக்கிறோம்?

2018 நவம்பர் 15 நள்ளிரவு கடந்து, 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. முன்கூட்டியே பல்லாயிரவரை முகாம்களுக்கு அழைத்துச் சென்றதற்காகத் தமிழக அரசு பாராட்டப்பட்டது. அப்பாராட்டில் நியாயம் உண்டு. அவ்வாறு செய்திராவிட்டால் இறந்தோர் எண்ணிக்கை பலமடங்கு ஆகியிருக்கும். ஆனால் உயிர் பிழைத்தவர்கள் காலையில் முகாமிலிருந்து திரும்பிக் கண்டது எதை? பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, முத்துப்பேட்டை வட்டாரங்களில் தோப்பு தோப்பாகத் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்திருந்தன. உள்ளடங்கிய கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏற்ற ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆக, சேதத்தின் கணக்கில் மின்கம்பமும் உண்டு, தென்னையும் உண்டு. 'மீண்டுவிட்டது' என்று சொல்வோர் முன்னதை மட்டுமே எண்ணுகிறார்கள். கம்பத்தை ஒரு நாளில் நட்டுவிடலாம். தென்னையை?

நெட்டை ரகத் தென்னை பாளைவிட ஆறேழு ஆண்டுகள் ஆகும். நிறைகாய்ப்புக்கு இன்னும் சில ஆண்டுகள். அதன்பின் ஐம்பது, அறுபது ஆண்டுகள் காய்க்கும். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு என்ற முறையில் வரும் பணம் சிறு உழவருக்கு மாதச் சம்பளம் போன்றது. முதுமையில் ஓய்வூதியம் போன்றது. கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்று அழைக்கும் மொழி நம்முடையது. பெற்ற பிள்ளை பம்பாய்க்கு ரயிலேறிப் போனாலும் வைத்த பிள்ளை சோறு போடும் என்ற நம்பிக்கையில்தான் எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளை வழியனுப்பினார்கள். நம்மில் பலர் இந்நகரத்தில் கவலையின்றி இருந்ததற்கு அந்த மரங்களே பிணை. ஓரிரவில் பிணை சாய்ந்தது.

அரசு கொடுத்தது என்ன? மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். ஒரு மரம் ஆண்டுக்கு நூறு காய் தருவதாகவும் காய்க்குப் பத்து ரூபாய் கிடைப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தும் கூலியைக் கழித்தால், அரசு மதித்த தொகை ஓராண்டு விளைச்சலுக்கும் குறைவு. மறுநடவுக்கு உதவி அறிவித்தார்கள். அது கன்றுக்கானது, காத்திருக்கும் ஆண்டுகளுக்கானதன்று. மாநில அரசு மத்திய அரசிடம் ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டது. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதலானது 1,146 கோடி. இதையெல்லாம் அரசாணைகளும் செய்திகளும் 'நிவாரணம்' என்றே குறித்தன. 'இழப்பீடு' என்ற சொல்லில் 'ஈடு' இருக்கிறது. இழந்ததற்கு நிகரா என்று அளந்துபார்க்கும் உரிமையை அச்சொல் பெறுபவருக்குத் தருகிறது. நிவாரணத்தை அளக்க முடியாது, வாங்கிக்கொள்ள மட்டுமே முடியும்.

இன்னொன்று. இக்கணக்கு முழுவதும் நிலப்பதிவேட்டில் பெயர் உள்ளவரை நோக்கியது. மரமேறிக் காய் வெட்டுபவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண், கயிறு திரிப்பவர், தேங்காய் லாரியில் சுமை ஏற்றுபவர் ஆகியோருக்கு மரத்தின் பெயரால் ஒரு வரியும் இல்லை. தோப்பு சாய்ந்த அன்றே அவர்களுடைய வேலையும் சாய்ந்தது. அவர்களில் இளையவர்கள் பேருந்தேறித் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போனால், ஊரில் எஞ்சியிருப்பதைப் பார்த்து 'அமைதியாக இருக்கிறது' என்கிறோம்.

இனி நம் துறையினருக்கு வருகிறேன். வீதியில் 'மீண்டது' என்றால் கருத்தரங்கில் 'மீள்திறன்'. டெல்டா மக்களின் மீள்திறன், மீனவப் பெண்களின் மீள்திறன், குடிசைப்பகுதிகளின் மீள்திறன் என்று எத்தனை ஆய்வுத்தலைப்புகள்! 1973இல் சூழலியலாளர் ஹோலிங் இக்கருத்தை முன்வைத்தபோது அவர் பேசியது காடுகளையும் ஏரி மீன்களையும் போன்ற உயிரினத் தொகுதிகள் அதிர்ச்சிகளைத் தாங்கித் தொடர்வதைப் பற்றி. கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் மனிதர் அந்த ஏரியில் இல்லை. பள்ளி இயற்பியலில் மீட்சிப் பண்பைப் படித்த எவருக்கும் மீட்சி எல்லையும் தெரியும்: அதைத் தாண்டி இழுத்த கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாது. ஆய்வேடுகள் பண்பைக் கடன்வாங்கிக்கொண்டு எல்லையைப் பாடநூலிலேயே விட்டுவிட்டன.

மீள்திறன் மிக்க, பொறுமையான மக்கள் என்ற சித்திரமும் உண்மையன்று. புயலுக்கு மறுநாளே மறியல்கள் தொடங்கின. புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிக்கப்பட்டன, ஊர்க்காரர்கள் கைதானார்கள். வாகனத்தை எரித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. உதவி கேட்டுச் சாலையில் நின்ற மக்களைப் பற்றி ஆண்டு நினைவுகூரலில் ஒரு சொல்லும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கன்று நட்டவர் மட்டும் நிழற்படத்தில் இருக்கிறார் என்பதையே சுட்டுகிறேன்.

மும்பைத் தமிழருக்கு இந்தத் தந்திரம் புதியதா என்ன? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தாராவியில் இடுப்பளவு நீரில் நின்றவர்கள் வெள்ளம் வடிந்ததும் வேலைக்குப் போனார்கள். உடனே ஊடகங்கள் மும்பையின் ஆன்மாவைப் போற்றத் தொடங்கின. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதால் போனோம், இதில் ஆன்மா எங்கே வந்தது என்று எரிச்சலோடு கேட்டவர்களில் தமிழரும் உண்டு. மித்தி ஆற்றை யார் அடைத்தது என்ற கேள்வியை அந்தப் புகழ்ச்சி மூடிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நகரத்தில் நமக்குச் சொல்லப்பட்டபோது இனிக்காத பாராட்டை, நாம் பேராவூரணிக்குச் சொல்லும்போது மட்டும் பெருமிதத்தோடு சொல்கிறோம்.

எது மீட்கப்படுகிறது என்பதில் தேர்வு இருக்கிறது. அதற்குத் தனுஷ்கோடியைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பயணிகளோடு ரயிலே கடலில் போனது. பாம்பன் பாலமும் சிதைந்தது. பாலத்தை ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் 46 நாளில் சீரமைத்தார்கள். இன்றும் அது வியந்து பேசப்படுகிறது. பாலம் தேவைப்பட்டது, மீட்டார்கள். தனுஷ்கோடியையோ மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டார்கள். ஊருக்கு மீள்திறன் குறைவு என்று இதைப் படிப்பீர்களா? (2011 டிசம்பர் 30 அன்று கடலூர்ப் பக்கம் கரைகடந்து பண்ருட்டியின் முந்திரியை அழித்த புயலுக்கு மியான்மர் தந்த பெயர் 'தானே'. பக்கத்து நகரின் பெயரென்று மும்பையில் சிலர் குழம்பினார்கள். எனக்கு அது தமிழ்ச் சொல்லாகவே கேட்கிறது: தானே வந்தது, தானே போனது, ஊரும் தானே சரியாகிவிடும்.)

"நாங்கள் பணம் அனுப்பினோமே" என்பார்கள். அனுப்பினார்கள்; அரிசியும் தார்ப்பாயும் லாரிகளில் போயின; அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். முதல் மாதத்தில் கொடுத்தவர்கள் ஏழாம் ஆண்டில் கேட்பதில்லை என்பதே என் குறை. மறுநடவில் வைத்த பிள்ளை இப்போதுதான் பாளைவிடும் பருவத்துக்கு வந்திருக்கிறது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளை எந்தக் கடன் நிரப்பியது, எந்தப் பெண்ணின் கல்லூரிப் படிப்பு நின்றது, எந்த நகை மூழ்கியது என்று ஒருவர் கேட்டால் அதுவே ஆய்வு. கேள்விப் படிவத்தில் 'நீங்கள் எப்படி மீண்டீர்கள்?' என்று அச்சிடும் ஆய்வாளர் விடையையும் சேர்த்தே அச்சிட்டுவிடுகிறார்.

செம்பூரில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: ஊரில் தோப்பு அவர் பெயரில், முப்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவர் வேறொருவர். மரங்களுக்கான தொகை பெரியவருடைய வங்கிக் கணக்குக்கு வந்தது. "பார்த்துக்கொண்டவருக்கு?" என்றேன். "அவர் திருப்பூர் போய்விட்டார், பாவம்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். அந்தக் கேள்வியை அதற்குமுன் அவரிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.

இப்பதிவை வாசிப்பவர்களில் டெல்டாவில் பட்டாவும் மும்பையில் வேலையும் உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று அறிவேன். 2018 இறுதி, 2019 ஆண்டுக்குரிய வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தென்னைக்கு வந்த தொகையில் தோப்பைப் பார்த்துக்கொண்டவருக்கு எவ்வளவு போயிற்று என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். இங்கே எழுத மனமில்லை என்றால், ஊர் மீண்டதா என்று அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.